அத்தியாயம் 7: கட்டம் போட்ட ஆங்கிலம் (செக்டு, செக்கர்டு, பிளாட்)

கரூரிலிருந்து ஒரு மேசைவிரிப்பு கப்பலேறுகிறது. நெய்தவர் அதைக் 'கட்டம்' என்பார். ஆர்டர் எடுத்த அலுவலகத்தில் அது 'செக் டிசைன்'. லண்டனில் வாங்குபவர் 'செக்டு' என்று எழுதுவார். நியூயார்க்கில் வாங்குபவர் 'பிளாட்' என்றோ 'செக்கர்டு' என்றோ எழுதக்கூடும். துணி ஒன்றுதான், பெயர்கள் பல.

இந்தப் பெயரடைகளில் எதைப் போட்டாலும் ஒன்றுதான் என்று நினைத்தால் இரண்டு இடங்களில் இடறும். ஒன்று வியாபாரக் கடிதம்: வாங்குபவர் மனத்தில் ஒரு கட்டமும் உங்கள் தறியில் வேறு கட்டமும் ஓடும். இன்னொன்று மொழிபெயர்ப்பு: ஒருவருடைய 'செக்கர்டு' வாழ்க்கையைக் 'கறைபடிந்த வாழ்க்கை' என்று எழுதி, அவர் செய்யாத குற்றத்தை அவர் தலையில் கட்டிவிடுவோம். இரண்டையும் தவிர்க்க இந்த அத்தியாயம் உதவும்.

ஒன்றை முதலிலேயே மனத்தில் வையுங்கள். பெயரடை வகையை மட்டும்தான் சொல்லும். அளவு, நிறம், நெசவு மூன்றும் அதில் இல்லை. அவற்றைத் தனியாக எழுதியே தீர வேண்டும்.

சொல் வந்த வழி

'செக்கர்டு' சதுரங்கப் பலகையிலிருந்து வந்த சொல். பாரசீகத்தில் அரசனைக் குறிக்கும் 'ஷா', சதுரங்கத்தோடு மேற்கே பயணம் செய்து, பழைய பிரெஞ்சில் ஆட்டத்துக்கும் பலகைக்கும் பெயராகி, அங்கிருந்து ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. ஆட்டத்தில் அரசனை மறிக்கும்போது நாம் சொல்லும் 'செக்', வங்கியில் கொடுக்கும் 'செக்', சட்டையில் உள்ள 'செக்' மூன்றும் இந்த ஒரே வேரில் கிளைத்தவை.

12ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அரசருடைய வருவாய்க் கணக்கைப் பார்க்க ஒரு பெரிய மேசை இருந்தது. அதன் மேல் கோடுகளால் பகுத்த துணியை விரித்து, வில்லைகளை இடம் மாற்றி வைத்துக் கூட்டிக் கழித்தார்கள். பார்வைக்குச் சதுரங்கப் பலகை போலிருந்ததால் அந்த அலுவலகத்துக்கே 'எக்ஸ்செக்கர்' என்று பெயர் வந்தது. அதன் நடைமுறைகளை ரிச்சர்டு ஃபிட்ஸ்நீல் என்ற அதிகாரி லத்தீனில் விரிவாக எழுதி வைத்திருக்கிறார். பிரிட்டனின் நிதியமைச்சர் இன்றும் 'சான்சலர் ஆஃப் தி எக்ஸ்செக்கர்'தான்.

இந்த வரலாறு நமக்குத் தேவைப்படுவது ஒரு காரணத்துக்காக. பலகையின் இலக்கணம் சொல்லோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது: ஒரே அளவுச் சதுரங்கள், இரண்டே நிறங்கள், ஒன்று விட்டு ஒன்று. 'செக்கர்டு' என்றதும் ஆங்கிலம் பேசுபவர் கண்முன் முதலில் வருவது இந்த அமைப்பு.

எழுத்துக்கூட்டல்

சொல்லின் நடுவில் க்யூ, யூ என்ற எழுத்துகள் வந்தால் பிரிட்டன் வழக்கு. அந்த இடத்தில் சி, கே வந்தால் அமெரிக்க வழக்கு. உச்சரிப்பு ஒன்றுதான். இந்திய ஆங்கிலத்தில் பிரிட்டன் வழக்கே பெரும்பாலும் செல்லும்; கட்டுமானப் பொருள்களுக்கான இந்தியத் தரநிலைகளும் க்யூ போட்டே எழுதுகின்றன. அமெரிக்க வாடிக்கையாளருக்கு எழுதும்போது சி-கே போடுங்கள். ஒரே கடிதத்தில் இரண்டையும் கலக்காதீர்கள்.

செக்டு வேறு, செக்கர்டு வேறு

அகராதிகள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே பொருள் சொல்வதுண்டு. வழக்கில் வித்தியாசம் இருக்கிறது.

'செக்டு' பெரும்பாலும் துணிக்கு. நெடுக்குக் கோடும் குறுக்குக் கோடும் வெட்டிக்கொண்டு கட்டம் உண்டானால் போதும். சதுரமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, நிறமும் இரண்டோடு நிற்க வேண்டியதில்லை. செக்டு ஷர்ட், செக்டு கர்ட்டன், செக்டு டேபிள் கிளாத் என்று வரும்.

'செக்கர்டு' பெரும்பாலும் நிரப்பிய சதுரங்களுக்கு. கறுப்பும் வெள்ளையும் மாறி மாறிப் பதித்த தரை, பந்தயக் கொடி, பலகை. செக்கர்டு ஃபுளோர், செக்கர்டு ஃபிளாக். அமெரிக்கர்கள் மேசைவிரிப்புக்கும் இதைச் சொல்வார்கள்.

இந்த வித்தியாசத்தை அகராதியைவிடத் தறி தெளிவாகக் காட்டும். பாவில் ஓர் அங்குலம் நீலம், ஓர் அங்குலம் வெள்ளை என்று மாறி மாறி ஓட்டுங்கள். ஊடையிலும் அதேபோல் கொடுத்துச் சாதாரண நெசவாக நெய்யுங்கள். நீலப் பாவும் நீல ஊடையும் சந்திக்கும் இடம் அழுத்தமான நீலம். வெள்ளையும் வெள்ளையும் சந்திக்கும் இடம் தூய வெள்ளை. நீலமும் வெள்ளையும் சந்திக்கும் இடங்கள் வெளிர்நீலம். ஆக, இரண்டு நிற நூலில் மூன்று சாயல் பிறக்கிறது. பரப்பில் கால் பங்கு நீலம், கால் பங்கு வெள்ளை, மீதி அரைப் பங்கு வெளிர்நீலம்.

சதுரங்கப் பலகையில் இந்த இடைச்சாயல் கிடையாது. பாதி கறுப்பு, பாதி வெள்ளை, அவ்வளவுதான். நிறம் மாற்றி ஓட்டிய பாவையும் ஊடையையும் வைத்து எளிய நெசவில் அதைக் கொண்டுவர முடியாது. அச்சடிக்க வேண்டும், அல்லது ஜக்கார்டு போன்ற ஏற்பாடு வேண்டும். எனவே வாங்குபவர் 'செக்கர்டு' அல்லது 'செக்கர்போர்டு' என்று எழுதியிருந்தால், மூன்று சாயல் வரும் நெய்த கட்டம் அவருக்குச் சம்மதமா என்று கேட்டுவிட்டே தறியில் ஏற்றுங்கள். படம் ஒன்றை அனுப்பச் சொல்வது இன்னும் நல்லது.

'செக்டு' வைக்கும் கண்ணி

'செக்டு' என்பதற்குச் 'சரிபார்த்த' என்ற பொருளும் உண்டு. 'ஆல் ஷர்ட்ஸ் ஆர் செக்டு' என்று எழுதினால், எல்லாச் சட்டைகளும் கட்டம் போட்டவை என்றும் கொள்ளலாம், எல்லாச் சட்டைகளையும் பரிசோதித்தாகிவிட்டது என்றும் கொள்ளலாம். விமான நிலையத்தில் 'செக்டு பேகேஜ்' என்பது கட்டம் போட்ட பை அல்ல; நம் கையில் வைத்துக்கொள்ளாமல் விமானத்தில் ஏற்ற ஒப்படைத்த பெட்டி.

இதிலிருந்து தப்ப எளிய வழி ஒன்று இருக்கிறது. பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும்போது 'செக்டு' பாதுகாப்பானது: 'செக்டு ஷர்ட்ஸ்'. வினைக்குப் பின்னால் வைக்க நேர்ந்தால் வாக்கியத்தை மாற்றி, 'வித் எ செக் பேட்டர்ன்' என்று எழுதுங்கள். தரப் பரிசோதனையைச் சொல்ல வேண்டிய இடத்தில் 'இன்ஸ்பெக்டட்' என்று போடுங்கள். ஜவுளி அலுவலகக் கடிதங்களில் பாதிக் குழப்பம் இதனாலேயே தீரும்.

பெயர்ச்சொல்லையே அடையாக வைத்து 'செக் ஷர்ட்' என்று எழுதுவதும் பிரிட்டனில் சரியான வழக்கு. ஆனால் அந்தச் 'செக்'கைப் பன்மையாக்கிச் சட்டைக்கு முன் வைப்பது இந்தியக் கடைகளோடு நிற்கட்டும். வெளிநாட்டுக் கடிதத்தில் வேண்டாம்.

பிளாட்டும் டார்ட்டனும்

பி, எல், ஏ, ஐ, டி என்ற எழுத்துகளைப் பார்த்துப் பலர் 'பிளெய்டு' என்று படிக்கிறார்கள். துணிவடிவத்தைக் குறிக்கும்போது உச்சரிப்பு கிட்டத்தட்ட 'பிளாட்'. 'மேட்', 'பேட்' என்று நாம் எழுதும் ஆங்கிலச் சொற்களில் வரும் அதே உயிரொலிதான் இதிலும்.

ஸ்காட்லாந்தில் இந்தச் சொல் முதலில் வடிவத்தைக் குறிக்கவில்லை. தோளில் போர்த்திக்கொள்ளும் நீண்ட கம்பளிப் போர்வைக்குப் பெயர் அது. அந்தப் போர்வைகளில் கட்டங்கள் இருந்ததால், வட அமெரிக்காவில் போர்வையின் பெயர் கட்டத்துக்கு ஏறிவிட்டது. இன்று அமெரிக்கர் ஒருவர் 'பிளாட் ஷர்ட்' என்றால், பல நிறத்தில், அகலமும் ஒடுக்கமுமாகக் கோடுகள் குறுக்கும் நெடுக்கும் ஓடும் சட்டை என்று பொருள். அவர் 'ஃபிளானல்' என்று சொன்னாலும் பல நேரம் மனத்தில் இருப்பது இந்தக் கட்டம்தான். ஆனால் ஃபிளானல் என்பது மேற்பரப்பில் பூமயிர் எழுப்பிய துணிவகை. கட்டமே இல்லாத ஃபிளானலும் உண்டு. ஆர்டரில் இரண்டையும் பிரித்துக் கேளுங்கள்.

'டார்ட்டன்' இன்னும் குறுகிய சொல். ஸ்காட்லாந்தோடு சேர்ந்தது. அதற்கென்று நூல் எண்ணிக்கையும் நிற வரிசையும் உண்டு. ஒரு சுற்று நிற வரிசையை 'செட்' என்பார்கள். பெரும்பாலானவற்றில் வரிசை ஓர் இடம்வரை போய், அங்கிருந்து கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பி வரும். பாவிலும் ஊடையிலும் ஒரே வரிசை, நெசவு பொதுவாக ட்வில். அதனால்தான் நிறம் கலக்கும் இடங்களில் சாய்கோடுகள் தெரிகின்றன.

டார்ட்டனுக்குப் பின்னால் அரசியலும் இருக்கிறது. கலோடன் போரில் ஸ்காட்லாந்து மேட்டுநிலத்தவர் தோற்ற 1746ஆம் ஆண்டிலேயே, அவர்கள் உடையைத் தடை செய்யும் சட்டம் வந்தது. 1782இல்தான் அது நீங்கியது. தடைசெய்த உடை அடுத்த நூற்றாண்டில் தேச அடையாளமானது. 2008இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் சட்டம் இயற்றி, அடுத்த ஆண்டு டார்ட்டன்களுக்கு அரசுப் பதிவேடு திறந்தது. ஆகவே பல நிறக் கட்டம் எல்லாவற்றையும் டார்ட்டன் என்று விலைப்பட்டியலில் போடாதீர்கள். 'செக்' என்றோ 'பிளாட்' என்றோ போட்டால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

பெயர் ஒன்றும் வடிவம் வேறுமாக ஒட்டிக்கொண்ட வேடிக்கையும் உண்டு. கிளாஸ்கோ காவல்துறைத் தலைவர் பெர்சி சில்லிடோ 1932இல் தம் காவலர் தொப்பியில் கறுப்பு வெள்ளைச் சதுரப் பட்டை ஒன்றைச் சேர்த்தார். பிரிட்டன் முழுக்கவும் ஆஸ்திரேலியாவிலும் பரவிய அந்தப் பட்டைக்குச் 'சில்லிடோ டார்ட்டன்' என்று பெயர். வடிவத்தைப் பார்த்தால் அசல் 'செக்கர்டு'.

பெயர் பெற்ற கட்டங்கள்

கீழே உள்ளவை ஆர்டர்களில் அடிக்கடி வருபவை. ஒவ்வொன்றும் பெயர்ச்சொல்லாகவும், துணிக்கு முன்னால் அடையாகவும் வரும்.

கிங்கம்: வெள்ளையோடு ஒரு நிறம், சம அகலம், சாதாரண நெசவு, இருபுறமும் ஒன்றுபோல். மேலே தறியில் பார்த்த மூன்று சாயல் கட்டம் இதுதான். பள்ளிச் சீருடைகளில் நிறையப் பார்க்கலாம். பெயரின் மூலம் மலாய். அங்கே அது கோடு போட்டதைக் குறித்தது. 18ஆம் நூற்றாண்டில் மான்செஸ்டர் வட்டாரத்தில் நெய்யத் தொடங்கிய பிறகு கட்டத்துக்குப் பெயராக நிலைத்தது.

டாட்டர்சால்: வெளிர்ப் பின்னணியில் மெல்லிய கோடுகள், இரண்டு நிறம் மாறி மாறி. லண்டனில் 1766இல் தொடங்கிய டாட்டர்சால் குதிரைச் சந்தையில் குதிரைகளுக்குப் போர்த்திய துணியிலிருந்து வந்த பெயர்.

விண்டோபேன்: மெல்லிய ஒற்றைக் கோடுகள், இடைவெளி அகலம். ஜன்னல் கண்ணாடிச் சட்டம் போலத் தெரியும். கோட்டுத் துணிகளில் அதிகம்.

ஹவுண்ட்ஸ்டூத்: ஓரம் பல் பல்லாக உடைந்த கட்டம். பாவிலும் ஊடையிலும் நான்கு கறுப்பு நூல், நான்கு வெள்ளை நூல் என்று மாற்றி, இரண்டின் மேல் இரண்டின் கீழ் போகும் ட்வில்லில் நெய்தால் இந்த உருவம் தானாக வரும். அதே நூல் வரிசையைச் சாதாரண நெசவில் நெய்தால் பல் காணாமல் போய்ச் சின்னக் கட்டம்தான் மிஞ்சும். நெசவைக் குறிப்பிடாமல் நிற வரிசையை மட்டும் அனுப்புவது ஏன் போதாது என்பதற்கு இது நல்ல சான்று.

கிளென் செக்: இரண்டிரண்டு நூலும் நான்கு நான்கு நூலுமாக மாறும் வரிசைகள் ஒன்றையொன்று வெட்டிச் சின்னக் கட்டமும் பெரிய கட்டமும் கலந்து தெரியும். ஸ்காட்லாந்தின் கிளெனர்க்கர்ட் பள்ளத்தாக்கின் பெயர். பின்னாளில் வின்ட்ஸர் கோமகனான எட்வர்டு இதை விரும்பி அணிந்து பரப்பியதால் 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் செக்' என்றும் சொல்வார்கள்.

பஃபலோ செக்: பெரிய சதுரங்கள், இரண்டே நிறம், பெரும்பாலும் சிவப்பும் கறுப்பும். அமெரிக்க மரவெட்டிகளின் கம்பளிச் சட்டையோடு சேர்த்து நினைக்கப்படுவது.

மெட்ராஸ்: நம் ஊர் பெயரில் ஓர் ஆங்கிலச் சொல்

ஆங்கில அகராதியில் சின்ன எழுத்தில் தொடங்கும் 'மெட்ராஸ்' ஒரு துணி. எடை குறைந்த பருத்தி, நெய்வதற்கு முன்பே சாயமேற்றிய நூல், சாதாரண நெசவு, பளிச்சென்ற பல நிறக் கட்டம். டார்ட்டனில் உள்ளதைப்போல் வரிசை கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பி வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அமெரிக்கர் 'மெட்ராஸ் ஷார்ட்ஸ்' என்று கேட்டால் சென்னையில் தைத்தது என்று பொருளல்ல; இந்தக் கட்டம் வேண்டும் என்று பொருள்.

சோழமண்டலக் கரையிலிருந்து கட்டம் போட்ட பருத்தி வெகுகாலமாகக் கடல் கடந்திருக்கிறது. அது இறங்கிய துறைகளிலெல்லாம் ஒரு பெயரை விட்டுவந்தது. டச்சுக்காரர்கள் 1613இல் கெல்ட்ரியா கோட்டை கட்டிய பழவேற்காட்டை ஐரோப்பியர் 'புலிக்காட்' என்றார்கள். அங்கிருந்து தென்கிழக்காசியாவுக்குப் போன துணியின் நினைவாக, மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் ஆண்கள் உடுத்தும் கட்டம் போட்ட கைலிக்கு இன்றும் 'பெலிக்காட்' என்று பெயர். கரீபியத் தீவுகளான செயின்ட் லூசியா, டொமினிக்கா, மார்டினிக், குவாடலூப் ஆகியவற்றில் விழாக்காலத்தில் பெண்கள் அணியும் உடையும் தலைக்கட்டும் 'மெட்ராஸ்' துணியில்தான். நைஜீரியாவின் நைஜர் கழிமுகத்தில் வாழும் கலாபாரி மக்கள் இதை 'இஞ்சிரி' என்கிறார்கள். வந்த கட்டத்தை அப்படியே கட்டுவதோடு நிற்காமல், குறிப்பிட்ட நூல்களை வெட்டி உருவி எடுத்துப் புதிய வடிவம் உண்டாக்குவது அவர்கள் கலை.

அமெரிக்காவில் இதற்கு இன்னோர் அடை சேர்ந்தது: 'பிளீடிங் மெட்ராஸ்'. 1950களின் இறுதியில் அங்கே இறங்கிய துணி, துவைக்கும் முறை பற்றிய எச்சரிக்கை இல்லாமல் சட்டைகளாகி விற்பனைக்கு வந்தது. துவைத்ததும் சாயம் ஒன்றுக்குள் ஒன்று இறங்கியது. வாங்கியவர்கள் கொதித்தார்கள். விளம்பரக்காரர்கள் அதையே சிறப்பாக்கி, ஒவ்வொரு துவைப்பிலும் புதிதாக மாறும் சட்டை என்று விற்றார்கள். 1960களில் கல்லூரி மாணவர்களிடம் அது மோகமானது. அந்தப் பெயர் பழைய விளம்பரத்தோடு இருக்கட்டும். இன்றைய ஆர்டரில் 'மெட்ராஸ்' என்று வந்தால் சாயம் நிற்க வேண்டும் என்றுதான் வாங்குபவர் எதிர்பார்ப்பார். கடிதத்தில் 'கலர்ஃபாஸ்ட்' என்பதை எழுதி உறுதி செய்யுங்கள்.

நம் கடைப் பெயர்களை ஆங்கிலத்தில் சொல்வதற்கும் ஒரு முறை வைத்துக்கொள்ளுங்கள். காஞ்சிபுரப் பட்டில் 'பாலும் பழமும்' கட்டம் இருக்கிறது, 'கொட்டடி' இருக்கிறது. காரைக்குடிப் பக்கத்துக் கண்டாங்கி இருக்கிறது. இவற்றை 'மில்க் அண்ட் ஃபுரூட்' என்று பெயர்த்தால் வாங்குபவர் விழிப்பார். பெயரை ஒலிபெயர்த்து எழுதிவிட்டு, அடுத்து விளக்கம் தாருங்கள்: 'பாலும் பழமும், எ ஸ்மால் டூ-கலர் செக்'. பெயரும் பிழைக்கும், பொருளும் சேரும்.

துணிக்கு வெளியே

கட்டுமானக் கடையில் 'செக்கர்டு பிளேட்' என்றால் மேடான சாய்சதுரக் கோலம் வைத்த இரும்புத் தகடு. லாரித் தளத்திலும் ஆலைப் படிகளிலும் கால் வழுக்காமல் இருக்கப் போடுவது. 'செக்கர்டு டைல்ஸ்' என்பது நடைபாதையிலும் வண்டி நிறுத்துமிடத்திலும் பதிக்கும், கட்டம் கட்டமாகப் பள்ளம் வெட்டிய சிமெண்ட் ஓடு. இரண்டிலும் நிறம் மாறுவதில்லை. மேடும் பள்ளமும்தான் மாறுகின்றன. வண்ணம் இல்லாத இடத்திலும் ஒன்று விட்டு ஒன்று என்ற அமைப்பு இருந்தால் சொல் பொருந்துகிறது.

உயிரினங்களின் பெயரிலும் இதைக் காணலாம். நம் குளத்திலும் வயலிலும் இருக்கும், நஞ்சில்லாத தண்ணீர்ப்பாம்பு ஆங்கிலத்தில் 'செக்கர்டு கீல்பேக்'. எலுமிச்சை, கறிவேப்பிலை இலைகளில் முட்டையிடும் வண்ணத்துப்பூச்சிக்கு 'செக்கர்டு ஸ்வாலோடெய்ல்' என்றும் ஒரு பெயர். இத்தகைய இடங்களில் 'செக்டு' வராது.

விளையாட்டுப் பக்கத்தில் 'செக்கர்டு ஃபிளாக்' என்பது மோட்டார் பந்தயம் முடிந்ததென்று அசைக்கும் கறுப்பு வெள்ளைக் கொடி. கொடியைக் கடைசி வண்டிவரைக்கும் காட்டுவார்கள். ஆனால் ஒருவர் 'டுக் த செக்கர்டு ஃபிளாக்' என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் அவர் வென்றார் என்று பொருள். 2005ஆம் ஆண்டு அமெரிக்க கிராண்ட் பிரியில் டயர் பிரச்சினையால் பெரும்பாலான அணிகள் விலக, ஆறு கார்களே ஓடின. ஆறும் பந்தயத்தை முடித்தன. அன்று நான்காவதாக வந்த கோவைக்காரர் நரேன் கார்த்திகேயனும் கொடியைக் கடந்தவர்தான். ஆயினும் இந்தத் தொடரைச் செய்தியில் பெறுபவர் முதலில் வந்த மைக்கேல் ஷூமாக்கர். தமிழில் 'கொடியை வாங்கினார்' என்று எழுத வேண்டாம். 'வென்றார்', 'முதலில் வந்தார்' என்று இடத்துக்கேற்ப எழுதுங்கள்.

வாழ்க்கைக்குச் சொல்லும்போது

'செக்கர்டு கெரியர்', 'செக்கர்டு ஹிஸ்டரி', 'செக்கர்டு பாஸ்ட்' ஆகிய மூன்றும் செய்தித்தாள்களில் அடிக்கடி வரும். அடிப்படைப் பொருள், நல்லதும் கெட்டதும் மாறி மாறி வந்தது என்பது. பலகையில் வெள்ளைக் கட்டங்களும் கறுப்புக்குச் சமமாக இருக்கின்றன என்பதை மொழிபெயர்ப்பவர் மறக்கக் கூடாது.

ஆனால் மூன்றும் ஒரே நிறை அல்ல.

'கெரியர்' சேர்ந்தால் வெற்றி தோல்விகள். அணியில் இடம் கிடைத்தும் இழந்தும் மீண்டும் பெற்றும் ஆடிய ஆட்டக்காரருக்கு இது பழிச்சொல் அல்ல. 'ஏற்ற இறக்கம் நிறைந்த ஆட்டவாழ்வு' என்று எழுதலாம்.

'ஹிஸ்டரி' சேர்ந்தால் நிறுவனங்களுக்கும் திட்டங்களுக்கும். தொடங்கி, நின்று, மீண்டும் தொடங்கிய அணைத் திட்டம் ஒன்றுக்குப் பொருந்தும். 'பல மேடுபள்ளங்களைக் கண்ட' என்றால் போதும்.

'பாஸ்ட்' சேர்ந்தால் எச்சரிக்கை. குறிப்பாக அமெரிக்க வழக்கில் இதில் ஒரு சந்தேகம் தொனிக்கும்: அந்த மனிதர் பழைய கதையில் சொல்லிக்கொள்ள முடியாத சில பக்கங்கள் இருக்கின்றன என்ற குறிப்பு. அப்போதும் நேராகக் 'குற்றப் பின்னணி' என்று எழுதக் கூடாது. கட்டுரையில் வேறு ஆதாரம் இருந்தால் அதை எழுதுங்கள். இல்லையென்றால் 'அவ்வளவு நேரானதல்லாத கடந்தகாலம்' என்ற அளவில் நிறுத்துங்கள். உயிரோடிருக்கும் ஒருவரைப் பற்றிய செய்தியில் இந்த ஒரு சொல் வழக்குவரை இழுத்துச் செல்லக்கூடும்.

இந்தப் பொருளில் 'செக்டு' ஒருபோதும் வராது. 'செக்டு பாஸ்ட்' என்று எழுதினால், யாரோ சரிபார்த்த கடந்தகாலம் என்று ஆகிவிடும்.

ஆர்டர் கடிதத்தில் எழுத வேண்டிய ஐந்து

பெயரடையைப் போட்ட பிறகு இவற்றையும் சேர்த்தால்தான் கட்டம் முழுமையாகும்.

1. கட்டத்தின் அளவு. அங்குலத்திலா சென்டிமீட்டரிலா என்பதோடு, ஒற்றைக் கட்டத்தின் அளவா, நிற வரிசை முழுதாக ஒருமுறை முடியும் 'ரிப்பீட்'டின் அளவா என்பதையும் எழுதுங்கள். பல நிறக் கட்டத்தில் இரண்டும் வெகுவாக வேறுபடும்.

2. நிறங்கள், வரிசையோடு. பின்னணி எது, கோடு எது என்று பிரித்துச் சொல்லுங்கள்.

3. நெசவு. சாதாரணமா, ட்வில்லா. ஹவுண்ட்ஸ்டூத்தில் பார்த்ததுபோல் நெசவு மாறினால் வடிவமே மாறும்.

4. நெய்த கட்டமா, அச்சடித்த கட்டமா. நெய்ததற்கு 'யார்ன்-டைடு', அச்சடித்ததற்கு 'பிரிண்டட்'. நெய்த கட்டம் துணியின் இருபுறமும் தெரியும். கோடுகள் நூல் போகும் போக்கிலேயே நேராக இருக்கும். அச்சில் பின்புறம் மங்கும். கோடு நூலோடு ஒட்டாமல் சற்றுக் கோணவும் கூடும்.

5. சமக்கட்டமா, சமமற்ற கட்டமா. 'ஈவன்', 'அன்ஈவன்' என்பார்கள். இடம் வலமாகவும் மேல் கீழாகவும் வரிசை ஒன்றுபோல் இருந்தால் சமம். சோதிக்க, ஒரு ரிப்பீட்டின் நடுவில் துணியைக் குறுக்குச் சாய்வாக மடியுங்கள்; மேல்மடிப்பின் கோடுகள் கீழ்மடிப்பின் கோடுகளோடு நிறத்திலும் அகலத்திலும் பொருந்தினால் சமக்கட்டம். சமமற்றது என்றால் எல்லாத் துண்டுகளையும் ஒரே திசையில் வைத்துத்தான் வெட்ட வேண்டும்.

ஐந்தாவது குறிப்பு செலவைத் தொடுவது. கட்டம் போட்ட சட்டையில் முன்பட்டி, சட்டைப்பை, பக்கத் தையல் மூன்றிலும் கோடுகள் சேர வேண்டும் என்று வாங்குபவர் கேட்பார். அதற்கு 'மேட்ச்டு' என்று எழுதுவார். கோடு சேர்க்க ஒவ்வொரு துண்டையும் நகர்த்தி வைக்க நேர்வதால் துணி கூடுதலாகச் செலவாகும். ரிப்பீட் பெரிதாகப் பெரிதாக இந்தச் சேதாரமும் ஏறும். ஒற்றை நிறச் சட்டைக்குப் போட்ட கணக்கில் கட்டச் சட்டைக்கு விலை சொல்லிவிட்டால் நட்டம் உங்களுடையது.

பயிற்சி

கீழே உள்ளவற்றுக்கு ஏற்ற சொல்லையோ மொழிபெயர்ப்பையோ எழுதிப் பாருங்கள்.

அ. ஆலைப் படியில் போட்ட, மேடான கோலம் வைத்த இரும்புத் தகடு.
ஆ. நீலமும் வெள்ளையுமான சீருடைத் துணி. உற்றுப் பார்த்தால் மூன்று சாயல் தெரிகிறது.
இ. சிகாகோவிலிருந்து கேட்கிறார்கள்: பூமயிர் எழுப்பிய துணி, சிவப்பு, பச்சை, கறுப்பு நிறத்தில் அகலமும் ஒடுக்கமுமான கோடுகள் வெட்டிக்கொள்ள வேண்டும்.
ஈ. பட்டை பட்டையாக நிறம் ஓடும் பவானி ஜமக்காளம்.
உ. 'த ஷர்ட்ஸ் வேர் செக்டு பிஃபோர் பேக்கிங்.'
ஊ. ஒரு கூட்டுறவு ஆலையின் 'செக்கர்டு ஹிஸ்டரி'.

விடைகள்

அ. செக்கர்டு பிளேட்.
ஆ. கிங்கம். பொதுவாகச் சொன்னால் செக்டு. செக்கர்டு என்று எழுத வேண்டாம், இடைச்சாயல் இருக்கிறது.
இ. பிளாட் ஃபிளானல். முதல் சொல் வடிவத்துக்கு, இரண்டாவது துணிக்கு. டார்ட்டன் என்று வாங்குபவரே கேட்டாலொழிய நீங்கள் போடாதீர்கள்.
ஈ. ஸ்ட்ரைப்டு. குறுக்குக் கோடும் நெடுக்குக் கோடும் வெட்டிக்கொள்ளாதவரை கட்டத்துக்கான எந்தச் சொல்லும் வராது.
உ. கட்டுமுன் பரிசோதிக்கப்பட்டன என்று பொருள். 'பிஃபோர் பேக்கிங்' இருப்பதால் குழப்பமில்லை. அதை எடுத்துவிட்டால் வாக்கியம் இரண்டு பொருள் தரும்.
ஊ. நல்ல காலமும் கெட்ட காலமும் மாறி மாறிக் கண்ட ஆலையின் வரலாறு. ஊழல் நடந்தது என்று மூலத்தில் வேறு எங்காவது சொல்லியிருந்தால் மட்டுமே அதை எழுதுங்கள்; இந்தப் பெயரடை அவ்வளவு தூரம் சாட்சி சொல்லாது.